மீதி மருந்து போன இடம்

புற்றுக்கட்டியைத் தேடிப்போகும் மருந்து பற்றி யார் ஆய்வேடு எழுதினாலும் முதல் அத்தியாயத்தில் பால் எர்லிக் வந்துவிடுவார். என் ஆய்வேட்டிலும் வந்திருக்கிறார். நோயை மட்டும் தாக்கி உடம்பை விட்டுவிடும் ‘மாயத் தோட்டா’ என்று அவர் கண்ட கனவை ஒரு வரியில் சொல்லிவிட்டு, அடுத்த வரியில் நானோ துகள்களுக்குத் தாவிவிடுவது எங்கள் துறையின் வழக்கம். நடுவில் நூறு வருடம் காணாமல் போய்விடும். கொஞ்ச காலமாக நான் அந்த நூறு வருடத்தைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். பழைய கட்டுரைகளைப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று உறுதிப்பட்டது. கட்டிக்குள் மருந்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தோம் என்று சொன்னவர்களைவிட, சேராத மருந்து எங்கே போயிற்று என்று அளந்து சொன்னவர்களால்தான் இந்தத் தொழில் நகர்ந்திருக்கிறது.

எர்லிக்கே அப்படித்தான் தொடங்கினார். 1878இல் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் அவர் கொடுத்த முனைவர் பட்ட ஆய்வேடு மருந்தைப் பற்றியதல்ல, சாயங்களைப் பற்றியது. அப்போது ஜெர்மனியில் நிலக்கரித் தாரிலிருந்து புதுப்புதுச் சாயங்கள் வந்துகொண்டிருந்தன. துணிக்கு என்று செய்த சாயத்தை எர்லிக் திசுக்களின்மேல் ஊற்றிப் பார்த்தார். ஒரு சாயம் ஒரு வகைச் செல்லில் மட்டும் பிடித்தது, பக்கத்துச் செல்லைத் தொடவில்லை. பிறகு மெத்திலீன் நீலத்தை உயிருள்ள விலங்கின் உடம்பில் செலுத்தியபோது நரம்புகள் நீலமாயின. அதே நீலம் மலேரியாக் கிருமியிலும் ஏறுவதைக் கண்டு, 1891இல் பெர்லினில் பால் குட்மானுடன் சேர்ந்து இரண்டு மலேரியா நோயாளிகளுக்கு அதைக் கொடுத்தார். சாயம் எங்கே ஒட்டுகிறதோ அங்கேதான் வேலை செய்யும் என்ற எண்ணம் இப்படித்தான் வளர்ந்தது. ஃபிராங்ஃபர்ட்டில் அவரது கூடத்தில் சஹாசிரோ ஹட்டா என்ற ஜப்பானியர் 1909இல் முயல்களில் சோதித்த 606ஆம் எண் ஆர்சனிக் சேர்மம், மறுவருடம் சால்வர்சான் என்ற பெயரில் மேகப்புண் மருந்தாகக் கடைக்கு வந்தது. புற்றுநோயிலும் எர்லிக் கை வைத்தார், எலிகளில் கட்டிகளை வளர்த்துப் பார்த்தார். மருந்து எதுவும் கிடைக்கவில்லை. கிருமி வெளியாள், அதன் உடம்பு வேறு. புற்றுச்செல் நம் செல்லேதான். அது குடிக்கும் விஷத்தை எல்லாச் செல்லும் குடிக்கும்.

அந்தச் சிக்கல் 1940களில் முழு வேகத்தோடு முன்னால் வந்து நின்றது. 1942இல் யேல் பல்கலைக்கழகத்தில் குட்மன், கில்மன் என்ற மருந்தியலாளர்கள் போர்க்கால நச்சு வாயுவின் உறவுக்காரச் சேர்மத்தை நிணநீர்ப் புற்று வந்த ஒருவருக்கு ஏற்றினார்கள். கட்டிகள் கரைந்தன, எலும்பு மஜ்ஜையும் கூடவே அடிவாங்கியது, நோய் திரும்பி வந்தது. அடுத்த படி பாஸ்டனில். இந்த இடத்தில் சென்னைக்கு உண்மையான ஒரு தொடர்பு உண்டு.

எல்லாப்பிரகட சுப்பாராவ் பீமவரத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தார். கதர் உடுத்தியதால் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியே வந்தார் என்பது அவரைப் பற்றி எல்லோரும் சொல்லும் செய்தி. சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரியில் பாடம் நடத்திவிட்டு 1923இல் பாஸ்டன் போனார். பின்பு லெடர்லி நிறுவனத்தில் அவர் நடத்திய குழு 1940களின் நடுவில் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகச் செய்தது. பிறகு ஃபோலிக் அமிலத்தைப் போலவே தோற்றமளித்து செல்லை ஏமாற்றும் அமினோப்டெரினைச் செய்தது. பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் அதை ரத்தப் புற்றுநோய் வந்த 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். பத்துக் குழந்தைகளிடம் நோய் பின்வாங்கியது. 1948 ஜூனில் வெளியான அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே ‘தற்காலிக’ என்ற சொல் இருக்கிறது. ஃபார்பர் அதை மறைக்கவில்லை என்பதற்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை. அதே வருடம் ஆகஸ்டில் சுப்பாராவ் இறந்துபோனார்.

சுப்பாராவை நான் ஆய்வேட்டில் மட்டும் சந்திக்கவில்லை. சென்னையில் எங்கள் கூடத்தில் மருந்தை ஏற்றுவதற்கான லிப்போசோம் என்ற கொழுப்புக் குமிழைச் செய்து முடித்ததும், அதில் எவ்வளவு கொழுப்பு மிச்சம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மாதிரியை அமிலத்தில் சுட்டுக் கொழுப்பை எரித்தால் பாஸ்பேட் மட்டும் நிற்கும். அதோடு மாலிப்டேட்டையும் ஒரு வினைப்பொருளையும் சேர்த்துக் கொதிநீரில் வைத்தால் சோதனைக் குழாயில் நீலம் ஏறும். நீலம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு பாஸ்பேட். 1925இல் ஹார்வர்டில் ஃபிஸ்கேயும் சுப்பாராவும் வகுத்த முறையிலிருந்து வந்தது இது. அலமாரியில் இருக்கும் சீசாவின் லேபிளில் இன்றும் இருவர் பெயரும் இருக்கிறது. புதிதாகச் சேரும் எம்.ஃபார்ம். பிள்ளைகளுக்கு அந்த நீலத்தைக் காட்டும்போது அவர் இந்த ஊரில் படித்தவர் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவேன்.

இனி சிவப்பு மருந்து. இத்தாலியின் தென்கிழக்கில், அபுலியா பகுதியில், காஸ்டெல் தெல் மோந்தே என்ற பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கோட்டை இருக்கிறது. அதன் அருகில் எடுத்த மண்ணில் சிவப்பு நிறமி சுரக்கும் ஒரு ஸ்ட்ரெப்டோமைசிஸ் நுண்ணுயிர் கிடைத்தது. மிலானில் இருந்த ஃபார்மிடாலியா நிறுவனத்தார் அதிலிருந்து முதலில் டானோரூபிசினையும், நுண்ணுயிரில் மரபு மாற்றம் செய்து பிறகு டாக்ஸோரூபிசினையும் எடுத்தார்கள். ஏட்ரியாட்டிக் கடலின் பெயரால் ஏட்ரியாமைசின் என்றும் அழைத்தார்கள். 1969இல் அந்நிறுவனத்தின் ஆர்க்கமோனே குழு அதன் வேதியியலை வெளியிட்டது. மார்பு, நிணநீர், ரத்தம், எலும்பு என்று பல புற்றுகளில் அது வேலை செய்தது. ஆனால் இதயத் தசையைக் கெடுத்தது. கெடுதல் உடனே தெரியாது, ஏற்றிய அளவு கூடக்கூட வரும். உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு மொத்தம் 450 முதல் 550 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று மருத்துவர்கள் வரம்பு கட்டினார்கள். கட்டி கரைந்துகொண்டிருந்தாலும் வரம்பு வந்தால் நிறுத்தத்தான் வேண்டும்.

என் பெரியம்மாவுக்கு இந்த மருந்து ஏறியது. ஊர் திருநெல்வேலிப் பக்கம். கீமோ தொடங்குமுன் எக்கோ எடுத்துவரச் சொன்னார்கள். “ஏட்டி, கட்டி மார்புல இருக்கு, இதயத்துக்கு எதுக்கு எக்கோ எடுக்காவ?” என்று என்னைக் கேட்டாள். மருந்துக்கு மார்பும் இதயமும் வேறுவேறு என்று தெரியாது பெரியம்மா என்றேன். “படிச்சவங்க சொல்லிக் குடுக்கக் கூடாதா அதுக்கு?” என்றாள். அவள் மனப்பூர்வமாகத்தான் கேட்டாள். இதுவரை எந்தக் கருத்தரங்கிலும் எங்கள் துறையின் கேள்வியை இவ்வளவு நேராக யாரும் கேட்டு நான் கேட்டதில்லை.

சொல்லிக் கொடுக்கும் வேலை புற்றுநோயோடு சம்பந்தமே இல்லாத ஓர் இடத்தில் தொடங்கியது. கேம்பிரிட்ஜுக்குப் பக்கத்தில் பேப்ரஹாம் என்ற கிராமத்தில் விலங்குகளின் உடலியலை ஆராயும் நிறுவனம் இருந்தது. அலெக் பாங்ஹாம் மருத்துவம் படித்தவர், ரத்தச் செல்களின் மேற்பரப்பில் ஆர்வம் கொண்டவர். 1961இல் அங்கே வந்த புதிய எலெக்ட்ரான் நுண்ணோக்கியைச் சோதிக்க அவரும் சக ஆய்வாளர் ஹார்னும் காய்ந்த பாஸ்போலிப்பிட் கொழுப்பை எடுத்து, படம் தெளிவாகத் தெரிவதற்கான கறைக்கரைசலைச் சேர்த்துப் பார்த்தார்கள். கொழுப்பு தானாகவே அடுக்கு மேல் அடுக்காகச் சுருண்டு மூடிய குமிழ்களாகியிருந்தது. செல்லின் சவ்வை அப்படியே உரித்து வைத்ததுபோல் இருந்தது படம். 1964இல் அதை வெளியிட்டார்கள். மறுவருடம் பாங்ஹாம், ஸ்டேண்டிஷ், வாட்கின்ஸ் மூவரும் அந்தக் குமிழ் உப்பு அயனிகளை உள்ளே அடைத்து வைத்துக்கொள்ளும், மெல்லத்தான் வெளியே விடும் என்று காட்டினார்கள். நண்பர்கள் அவற்றை ‘பாங்கோசோம்’ என்றார்கள். ஜெரால்டு வைஸ்மன் வைத்த ‘லிப்போசோம்’ நிலைத்தது. பாங்ஹாம் பின்னாளில் குறைமாதக் குழந்தைகளின் நுரையீரல் விரிய உதவும் கொழுப்பு மருந்து ஒன்றையும் உருவாக்கினார். அந்தக் கதையைத் தனியாகவே எழுதலாம்.

பாங்ஹாமின் செய்முறை அறுபது வருடமாகியும் பெரிதாக மாறவில்லை. அடி உருண்ட கண்ணாடிக் குடுவையில் கொழுப்பையும் கொலஸ்ட்ராலையும் குளோரோஃபார்மில் கரைத்து ரோட்டாவேப்பில் மாட்டுவோம். குடுவை சுழல, வெற்றிடத்தில் குளோரோஃபார்ம் ஆவியாகப் போகும். கண்ணாடியின் உட்சுவரில் ஒரு மெல்லிய படலம் நிற்கும். நல்ல படலம் கண்ணுக்குத் தெரிவது கஷ்டம், வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பார்த்தால்தான் லேசான மங்கல் தட்டுப்படும். திட்டுத்திட்டாக வெள்ளை தெரிந்தால் கொழுப்பு சீராகப் படியவில்லை என்று பொருள். அதன்மேல் அறுபது டிகிரிக்குக் கொஞ்சம் மேலே சூடாக்கிய உப்புக்கரைசலை ஊற்றிச் சுழற்றினால் படலம் பெயர்ந்து தண்ணீர் பால் நிறமாகும். குறைந்த சூட்டில் இந்தக் கொழுப்பு விறைத்தே கிடக்கும், பெயராது. பிறகு எக்ஸ்ட்ரூடர். இரண்டு கண்ணாடி ஊசிக்குழல்களுக்கு நடுவே நுண்துளைத் தகடு. இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம், அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் என்று தள்ளத் தள்ள, பால் வெளிறி நீலம் கலந்த கண்ணாடித் தெளிவுக்கு வரும். அந்த நிறம் வந்துவிட்டால் கருவியில் போடுமுன்னே தெரியும், அளவு நூறு நானோமீட்டருக்குப் பக்கத்தில் வந்துவிட்டது என்று.

குமிழுக்குள் மருந்தை அடைக்கலாம் என்று முதலில் துணிந்தவர்களில் முக்கியமானவர் கிரிகோரி கிரிகோரியாடிஸ். லண்டனில் ராயல் ஃப்ரீ மருத்துவமனையின் கல்லூரியில் பிரெண்டா ரைமனுடன் சேர்ந்து 1971இல் ஒரு நொதியை லிப்போசோமுக்குள் அடைத்து எலிக்குச் செலுத்தினார். மூன்று வருடம் கழித்துப் புற்று நோயாளிகளின் உடம்பிலும் லிப்போசோமின் போக்கைத் தொடர்ந்து பார்த்து லான்செட் இதழில் எழுதினார். எலியிலும் மனிதரிலும் கண்டது ஒன்றுதான். குமிழ்கள் விரைவாக ரத்தத்தை விட்டு விலகி, கல்லீரலிலும் மண்ணீரலிலும் போய்க் குவிந்தன. ரத்தத்தில் வரும் அந்நியத் துகளைப் பிடித்து விழுங்குவதற்கென்றே அங்கே செல்கள் காத்திருக்கின்றன. அவை தம் வேலையைச் செய்தன.

கல்லீரலே போகவேண்டிய இடம் என்றால் இது நல்ல செய்தி. அந்த நல்ல செய்தியைப் பயன்படுத்திக்கொண்டவர்களில் நம் நாட்டவர் ஒருவர் இருக்கிறார். பிமல் குமார் பச்சாவத் வேலூர் சி.எம்.சி.யில் நரம்பு வேதியியல் ஆய்வுக்கூடத்தை வளர்த்தவர். பின்பு கல்கத்தா போனார். அங்கே 1980களின் தொடக்கத்தில் அவர் குழு லிப்போசோமின் மேற்பரப்பில் வெவ்வேறு சர்க்கரை மூலக்கூறுகளை ஒட்டி, எலிக் கல்லீரலுக்குள்ளேயே எந்தச் சர்க்கரைக்கு எந்தச் செல் வாய் திறக்கிறது என்று பிரித்துக் காட்டியது. டெல்லிப் பல்கலைக்கழகத்துக்கு மாறிய பிறகு, பூஞ்சை மருந்தான ஆம்ஃபோடெரிசினை லிப்போசோமில் ஏற்றும் பணியில் இறங்கினார். மும்பை கே.ஈ.எம். மருத்துவமனையோடு சேர்ந்த அந்த உழைப்பிலிருந்துதான் ஃபங்கிசோம் என்ற இந்திய மருந்து வந்தது. சாதாரண ஆம்ஃபோடெரிசின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், குமிழில் ஏற்றினால் அந்தக் கெடுதல் குறையும். 2021இல் கருப்புப் பூஞ்சை வந்தபோது லிப்போசோம் என்ற பெயரைக் கேட்டே இராத குடும்பங்கள் அந்த ஊசிக்காக மருந்துக்கடை மருந்துக்கடையாக அலைந்தன. பச்சாவத்தின் பெயர் தமிழ்நாட்டு மருந்தியல் வகுப்புகளில் அநேகமாகச் சொல்லப்படுவதில்லை. வேலூரில் அத்தனை வருடம் இருந்தவருக்கு இது நியாயமில்லை.

கட்டிக்குப் போக வேண்டியவர்களுக்கோ கல்லீரல் பெரிய தடை. ஜெருசலேமில் ஹதாசா மருத்துவமனையில் ஆல்பர்ட்டோ கபிசோன் என்ற புற்றுநோய் மருத்துவரும், ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் யெசெஸ்கெல் பாரன்ஹோல்ஸ் என்ற கொழுப்பு வேதியியலாளரும் டாக்ஸோரூபிசினை எடுத்துக்கொண்டார்கள். அவர்களின் முதல் வடிவத்தில் மருந்து குமிழின் சவ்வுக்குள் ஒட்டிக்கொண்டிருந்தது. 1980களின் நடுவில் ஹதாசாவில் நோயாளிகளுக்கு ஏற்றிப் பார்த்தார்கள். ரத்தத்தில் கலந்ததும் மருந்தில் ஒரு பங்கு கசிந்துவிட்டது, மீதி குமிழோடு கல்லீரலுக்குப் போயிற்று. எலியில் நன்றாக இருந்தது மனிதரில் நிற்கவில்லை. பாரன்ஹோல்ஸ் பல வருடம் கழித்து, 2012இல், இந்தத் தோல்வியை விவரமாக எழுதினார். முதல் வடிவம் எங்கெங்கே கசிந்தது, அதிலிருந்து எதை எதை மாற்றவேண்டும் என்று கற்றோம் என்று வரிசையாகச் சொல்கிறது அந்தக் கட்டுரை. எங்கள் கைடு புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் முதலில் கொடுப்பது அதைத்தான்.

கற்றது இரண்டு. ஒன்று, கல்லீரலின் கண்ணில் படாமல் நெடுநேரம் ரத்தத்தில் ஓடவேண்டும். பாலிஎத்திலீன் கிளைகோலை ஒட்டினால் புரதம் ரத்தத்தில் நெடுநேரம் நிற்கும் என்று 1977இலேயே ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் டேவிஸ் குழு காட்டியிருந்தது. 1990 வாக்கில் பல குழுக்கள் அதை லிப்போசோமின் மேற்பரப்பில் நட்டன. அந்த இழைகள் தண்ணீரை இழுத்துத் தம்மைச் சுற்றி நிறுத்திக்கொள்ளும், விழுங்கும் செல்லுக்கு அடையாளம் சொல்லும் ரத்தப் புரதங்கள் அவ்வளவாக ஒட்டாது. பாங்ஹாமிடம் பயின்று கலிஃபோர்னியாவில் வேரூன்றிய டெமெட்ரியோஸ் பபஹஜோபுலோஸின் வட்டத்தில் இது மும்முரமாக நடந்தது. கபிசோனும் அங்கே போய் வேலை செய்துவிட்டு வந்தவர்.

இரண்டாவது, மருந்து சவ்வில் ஒட்டாமல் உள்ளே அடைபடவேண்டும். அதற்குப் பாரன்ஹோல்ஸ் கூடத்தில் கண்ட வழி, நான் படித்த வேதியியலிலேயே எனக்கு மிகப் பிடித்தது. குமிழை அம்மோனியம் சல்ஃபேட் கரைசலில் செய்து, வெளியே இருக்கும் சல்ஃபேட்டை மட்டும் நீக்கிவிடுவார்கள். உள்ளிருக்கும் அம்மோனியா சவ்வைத் தாண்டி வெளியேறும், அது விட்டுச்சென்ற புரோட்டான் உள்ளேயே தங்கும். மின்னேற்றம் இல்லாத டாக்ஸோரூபிசின் சவ்வைக் கடந்து உள்ளே வந்ததும் அந்தப் புரோட்டானைப் பிடித்து மின்னேற்றம் பெறும், திரும்ப வெளியே போக முடியாது. சல்ஃபேட்டோடு சேர்ந்து நார்நாராகப் படிகமாகிவிடும். உறைநிலை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் ஒவ்வொரு குமிழும் நடுவில் கோடு விழுந்த காபிக்கொட்டை மாதிரி இருக்கும். ஒரு குமிழுக்குள் பத்தாயிரத்துக்கும் மேலான மருந்து மூலக்கூறுகள். மருந்து ஏறியதா என்று சரிபார்க்க, கலவையை ஒரு நீண்ட கண்ணாடிக் குழாயில் அடைத்த ஜெல் மணிகளின் வழியே விடுவோம். குமிழ்கள் மணிகளுக்குள் நுழைய முடியாத பருமன், அதனால் சிவப்புப் பட்டையாக முதலில் இறங்கிவிடும். ஏறாத மருந்து மணிகளுக்குள் நுழைந்து நுழைந்து பின்தங்கி இன்னொரு சிவப்பாக மேலே நிற்கும். ஏற்றம் சரியாக நடந்த நாளில் மேலே அந்தச் சிவப்பு இருக்கவே இருக்காது.

1994இல் கபிசோன் குழு புது வடிவத்தின் மனித அளவீடுகளை வெளியிட்டது. ரத்தத்தில் அரை ஆயுள் ஏறத்தாழ 45 மணி நேரம். பிளாஸ்மாவில் கண்ட மருந்து அநேகமாக முழுவதும் குமிழுக்குள்ளேயே இருந்தது. புற்றால் நெஞ்சிலும் வயிற்றிலும் கோத்த நீரில், சாதாரண மருந்து கொடுத்தபோது இருந்ததைவிட 4 முதல் 16 மடங்கு மருந்து இருந்தது. 1995 நவம்பரில் அமெரிக்காவில் டாக்ஸில் என்ற பெயரில் அனுமதி கிடைத்தது, முதலில் எய்ட்ஸ் நோயாளிகளுக்கு வரும் கப்போசி சார்க்கோமாவுக்கு, 1999இல் சினைப்பைப் புற்றுக்கு.

அந்த நீரில் மருந்து ஏன் சேர்ந்தது என்பதற்கு ஜப்பானிலிருந்து ஒரு விளக்கம் முன்பே வந்திருந்தது. குமாமோட்டோ பல்கலைக்கழகத்தில் மாட்சுமுராவும் ஹிரோஷி மயேதாவும், ரத்தப் புரதத்தில் ஒட்டும் ஒரு நீலச் சாயத்தைக் கட்டி வளர்ந்த எலிகளுக்குச் செலுத்தினார்கள். கட்டி மட்டும் நீலமாயிற்று, நாள் கடந்தும் நீலம் போகவில்லை. அவசரமாக முளைத்த கட்டியின் ரத்தக் குழாய்களில் இடுக்குகள் உண்டு, வடிகால் சரியில்லை, பெரிய மூலக்கூறு உள்ளே வந்தால் தங்கிவிடும் என்று 1986இல் எழுதினார்கள். அடுத்த முப்பது வருடம் எங்கள் துறையில் வெளியான கட்டுரைகளில் பெரும்பாதி இந்த ஒரு கருத்தின்மேல் கட்டியவை.

டாக்ஸில் நோயாளிக்கு என்ன கொடுத்தது? 2004இல் வெளியான ஒரு சோதனையில், பரவிய மார்புப் புற்றுள்ள 509 பெண்களில் பாதிப்பேருக்கு டாக்ஸில், பாதிப்பேருக்குப் பழைய டாக்ஸோரூபிசின். வாழ்ந்த காலத்தின் நடு அளவு 21 மாதமும் 22 மாதமும். வித்தியாசமில்லை. ஆனால் இதயப் பாதிப்பு பழைய மருந்தில் மூன்று மடங்குக்கும் அதிகம். முடி கொட்டியது பழைய மருந்தில் நூற்றுக்கு 66 பேருக்கு, டாக்ஸிலில் 20 பேருக்கு. மறுபக்கம், உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து எரிந்து தோல் உரியும் தொல்லை பழையதில் 2 பேருக்கு, புதியதில் 48 பேருக்கு. நெடுநேரம் ரத்தத்தில் ஓடும் குமிழ், கட்டியில் தங்கியது போலவே தோலிலும் போய்த் தங்கியது.

இந்த எண்களைச் சிலர் ஏமாற்றமாகப் படிக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கட்டிக்குள் மருந்தைக் குவிப்பதற்காக இறங்கியவர்கள் இதயத்திலிருந்து மருந்தை விலக்கினார்கள். பெரியம்மா போன்ற ஒருத்திக்கு அது மாதக்கணக்கில் மூச்சு வாங்காமல் மாடிப்படி ஏறும் வாழ்க்கை. ஆயுளை நீட்டவில்லை என்பதால் அது சிறிய காரியமாகிவிடாது.

செய்முறை எவ்வளவு நுணுக்கமானது என்பது 2011இல் உலகுக்குத் தெரிந்தது. ஒஹாயோ மாநிலத்தில் டாக்ஸிலைச் செய்துகொண்டிருந்த ஒரே ஒப்பந்தத் தொழிற்சாலை உற்பத்தியை நிறுத்தியது. அமெரிக்காவில் நோயாளிகள் காத்திருப்புப் பட்டியலில் நின்றார்கள். 2012 பிப்ரவரியில் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இந்தியாவின் சன் ஃபார்மா செய்த லிப்போடாக்ஸைத் தற்காலிகமாக இறக்குமதி செய்ய அனுமதித்தது. மறுவருடம் அதே நிறுவனத்தின் பொதுப்பெயர் மருந்துக்கு முறையான அனுமதியும் கிடைத்தது. பேப்ரஹாமில் பிறந்து ஜெருசலேமில் வளர்ந்த ஒரு பண்டத்தை இந்தியத் தொழிலாளர்கள் செய்து அமெரிக்க நோயாளிகளைக் காத்தார்கள். இந்திய மருந்துத் தொழில் என்றால் மலிவுப் பிரதி என்று சொல்பவர்கள், நூறு நானோமீட்டர் குமிழைப் பிரதியெடுப்பது எப்படிப்பட்ட வேலை என்று எக்ஸ்ட்ரூடரின் முன் ஒரு பகல் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

2016இல் டொரன்டோவில் வாரன் சான் குழு ஒரு கணக்குப் போட்டது. பத்து வருடத்தில் வெளிவந்த 117 கட்டுரைகளை எடுத்து, விலங்குகளுக்குச் செலுத்திய நானோ துகள்களில் எவ்வளவு கட்டிக்குள் போயிற்று என்று பார்த்தார்கள். நடு அளவு 0.7 சதவீதம். துறையே அதிர்ந்தது. குமிழில் ஏற்றாத சாதாரண மருந்தும் அதைவிடக் கூடுதலாகப் போவதில்லை, ஒரு நேரத்து அளவை எடுக்காமல் காலம் முழுவதையும் கூட்டிப் பார்க்கவேண்டும் என்று எதிர்வாதம் வந்தது, அதில் நியாயமும் உண்டு. ஆனாலும் மீதி 99 எங்கே என்று எல்லோரையும் எழுத வைத்தது அந்த ஒரு எண். 2020இல் அதே குழு, துகள்கள் குழாய் இடுக்கு வழியாக அல்ல, பெரும்பாலும் குழாயின் சுவர்ச் செல்களே தூக்கிக் கடத்துவதால்தான் கட்டிக்குள் போகின்றன என்று காட்டியது. மயேதாவின் விளக்கத்தில் ஒரு பாதி மறுபரிசீலனைக்கு வந்தது. மயேதா 2021இல் காலமானார்.

புற்றுச்செல்லைப் பிடித்துக்கொள்ளும் மூலக்கூறை ஒட்டி, மருந்துக்கு விலாசம் எழுதி அனுப்பும் முயற்சியும் கூடவே நடந்தது. ஆன்டிபாடியிலேயே நேராக மருந்தைக் கட்டும் வழி தனியாக வளர்ந்தது. அதில் முதலாவதான மைலோடார்க் 2000இல் வந்து, 2010இல் திரும்பப் பெறப்பட்டு, 2017இல் மறுபடி வந்தது. லிப்போசோமில் விலாசம் ஒட்டியவர்கள் கண்டது வேறு. 2006இல் பபஹஜோபுலோஸின் மரபில் வந்த கலிஃபோர்னியக் குழு, ஹெர்-2 என்ற புற்றுச்செல் ஏற்பியைப் பிடிக்கும் ஆன்டிபாடி ஒட்டிய குமிழையும் ஒட்டாத குமிழையும் எலிகளில் ஒப்பிட்டது. கட்டிக்குள் போன அளவு இரண்டிலும் ஒன்றுதான். விலாசம் ஒட்டியது புற்றுச்செல்லுக்குள் நுழைந்தது, ஒட்டாதது செல்லுக்கு வெளியே நின்றது. விலாசம் வாசலைத்தான் திறக்கிறது, ஊர்வரை வழி காட்டுவதில்லை. இதைத் தலைப்பிலேயே போட்டு எழுதியிருக்கிறார்கள்.

நான் ஒட்டும் விலாசம் ஃபோலிக் அமிலம், சுப்பாராவின் குழு செய்த அதே பொருள். சினைப்பைப் புற்றுச்செல்கள் ஃபோலேட்டுக்குப் பசித்தவை, அதை வாங்கும் ஏற்பிகளை மேற்பரப்பில் நிறைய வைத்திருக்கும். 1994இல் பர்டூ பல்கலைக்கழகத்தில் லீயும் ஃபிலிப் லோவும் ஃபோலேட் ஒட்டிய லிப்போசோமைப் புற்றுச்செல் விழுங்குவதைக் காட்டினார்கள். லோவின் வழியில் வந்த வின்டாஃபோலைடு என்ற மருந்து, பெரிய சோதனையில் பலனில்லை என்று 2014இல் நிறுத்தப்பட்டது. என் அட்டவணையில் எலியின் உறுப்புகள் வரிசையாக இருக்கின்றன: கல்லீரல், மண்ணீரல், சிறுநீரகம், இதயம், நுரையீரல், தோல், கட்டி. கல்லீரலின் எண்தான் பெரிது. தோலை ஏன் சேர்த்தாய், வழக்கமாக யாரும் சேர்ப்பதில்லையே என்று ஆய்வுக்குழுக் கூட்டத்தில் கேட்டார்கள். அந்த 48 பேரின் உள்ளங்கையைச் சொன்னேன்.

2022 நவம்பரில் ஃபோலேட் ஏற்பியைக் குறிவைக்கும் முதல் சிகிச்சை மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி வந்தது. பிளாட்டினம் மருந்துகளுக்கு மசியாத சினைப்பைப் புற்றுக்கான மிர்வெடுக்சிமாப் அது, ஆன்டிபாடியில் கட்டிய நஞ்சு. அதன் குறிப்பேட்டில் கட்டம் கட்டிய எச்சரிக்கை ஒன்று இருக்கிறது, கண்ணைப் பற்றி. மருந்தைத் தொடங்குமுன் கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும், முதல் எட்டுச் சுற்றுகளில் ஒன்றுவிட்டு ஒன்றுக்கு மறுபடியும் பார்க்க வேண்டும். கருவிழிச் செல்களில் அந்த ஏற்பி இல்லை. ஆனாலும் மருந்து அங்கே போகிறது. எந்த வழியாகப் போகிறது என்பதை இப்போது சில ஆய்வுக்கூடங்களில் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.